டிலிஜென்ஸ்: ‘ஏனோதானோ’வுக்கு எதிர்ச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிப் பயன்படுத்துவது

‘டிலிஜென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடினால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ‘விடாமுயற்சி’. இயந்திர மொழிபெயர்ப்பும் அதையேதான் எடுத்துக் கொடுக்கிறது. அதை நம்பி எழுதப்போய்த்தான் குழப்பம் வருகிறது. ஒரு நிறுவனத்தை வாங்குவதற்கு முன் அதன் கணக்கு வழக்குகளை அலசிப் பார்க்கும் வேலையை ‘உரிய விடாமுயற்சி’ என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு என்ன புரியும்? யாரோ எதையோ விடாமல் முயன்றார்கள் என்று புரியும், அவ்வளவுதான். எதைச் சரிபார்த்தார்கள், எவ்வளவு ஆழமாகப் பார்த்தார்கள் என்பதுதான் அந்தச் சொல் சொல்ல வந்த சேதி. அது போயே போய்விட்டது.

விடாமுயற்சி மட்டமான சொல் என்று சொல்ல வரவில்லை. அது வேறொரு குணம். ஐந்து முறை தேர்வில் தோற்றும் மனம் தளராமல் ஆறாவது முறை எழுதப் போகிறவரிடம் இருப்பது விடாமுயற்சி. ஆனால் அந்த ஆறு முறையும் அவர் புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றால் அங்கே டிலிஜென்ஸ் இல்லை. இன்னொருவர் ஒரே ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறார், அனுப்புவதற்கு முன் அதிலுள்ள பெயர், தேதி, தொகை மூன்றையும் மூலத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் எந்தத் தடையையும் தாண்டவில்லை, எதிலும் தோற்று எழவில்லை. ஆனாலும் அவர் செய்தது டிலிஜென்ஸ்தான்.

அப்படியானால் இந்தச் சொல்லை எங்கிருந்து பிடிப்பது?

எதிர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஒரு சொல் கைக்கு அகப்படவில்லை என்றால் அதன் எதிர்ச்சொல்லைத் தேடிப் போவது என் வழக்கம். டிலிஜென்ஸுக்கு எதிர் சோம்பல் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சோம்பேறி வேலையையே செய்ய மாட்டார். காலையிலிருந்து இரவு வரை ஓடி ஓடி வேலை செய்கிற ஒருவரிடமும் டிலிஜென்ஸ் இல்லாமல் போகலாம், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். அவர் செய்வதற்கு நம் மொழியில் அருமையான பெயர் இருக்கிறது: ஏனோதானோ. கடனே என்று செய்வது, ஒப்புக்குச் செய்வது, அரைகுறையாகச் செய்வது, மேம்போக்காகப் பார்ப்பது என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம் பாருங்கள்! இவை எல்லாவற்றிலும் வேலை நடந்திருக்கிறது, ஆனால் செய்தவரின் மனம் அதில் இல்லை.

இவற்றைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது ‘கண்ணும் கருத்துமாக’. டிலிஜென்ஸ் என்பதை ஒரே தமிழ்த் தொடரில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கண் அங்கே இருக்க வேண்டும், கருத்தும் அங்கே இருக்க வேண்டும், இரண்டும் வேலை முடியும் வரை விலகாமல் இருக்க வேண்டும். நூறு மணி நேரம் உழைத்தாரா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

ஆகவே ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல்லைப் போடலாமா என்று சந்தேகம் வந்தால், அதே வாக்கியத்தில் ‘ஏனோதானோவென்று’ என்பதைப் போட்டுப் பாருங்கள். பொருள் நேர் எதிராகத் திரும்பினால் டிலிஜென்ஸ் அங்கே பொருந்தும். ‘அவர் மலை உச்சியை டிலிஜென்ஸோடு அடைந்தார்’ என்பதில் மாற்றிப் பாருங்கள், ‘ஏனோதானோவென்று உச்சியை அடைந்தார்’ என்பது ஒட்டவே ஒட்டாது. அங்கே வேண்டியது விடாமுயற்சியோ மன உறுதியோதான். ‘கயிறுகளை டிலிஜென்ஸோடு சோதித்தார்’ என்பதில் மாற்றினால் உடனே வயிற்றைக் கலக்குகிறது, அப்படியானால் சொல் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

வேரில் இருப்பது உழைப்பு இல்லை

இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘டிலிகெரே’ என்ற வினைச்சொல்தான் மூலம். அதைப் பிரித்தால் ‘டிஸ்’ என்ற முன்னொட்டும் ‘லெகெரே’ என்ற வினையும் கிடைக்கும். லெகெரே என்றால் பொறுக்கி எடுப்பது, சேர்ப்பது, பிறகு படிப்பது. டிஸ் என்றால் பிரித்து, தனியாக. பலவற்றின் நடுவிலிருந்து ஒன்றைத் தனியே பொறுக்கி எடுப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். பொறுக்கி எடுத்ததை மதிப்போம், மதிப்பதை நேசிப்போம், அந்த வழியில் லத்தீனிலேயே டிலிகெரே என்பதற்கு மதித்தல், நேசித்தல் என்ற பொருள் வந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த ‘டிலிகென்டியா’வுக்குக் கவனம், பேணுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

எலெக்‌ஷன், செலெக்‌ஷன், கலெக்‌ஷன் என்று நாம் தினமும் சொல்லும் சொற்களும் இதே லெகெரே குடும்பம்தான். இன்னொரு முக்கியமான சொந்தமும் இருக்கிறது: நெக்லிஜென்ஸ், அதாவது அலட்சியம். ‘நெக்’ என்றால் இல்லை. எடுக்காமல் விடுவது நெக்லிஜென்ஸ், தேர்ந்து எடுத்துப் பேணுவது டிலிஜென்ஸ். ஒரே வேரில் கிளைத்த இரண்டு கிளைகள். சட்டத்தில் இவை இரண்டும் எதிரும் புதிருமாக நிற்பது தற்செயல் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நம் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருப்பதுதான். ‘சிரத்தையாகச் செய்தான்’ என்கிறோம். சிரத்தை என்பது வடமொழி ஸ்ரத்தா, அங்கே அதற்கு முதன்மையான பொருள் நம்பிக்கை. தமிழுக்கு வந்து, அது ஒரு வேலையின் மேல் காட்டும் ஆழ்ந்த அக்கறையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ‘அலட்சியம்’ என்பதும் அப்படித்தான், ஒன்றை லட்சியம் செய்யாமல், பொருட்டாக எண்ணாமல் விடுவது. லத்தீனிலும் சரி, நம் பேச்சிலும் சரி, இந்தக் குணத்துக்குப் பெயர் வைத்தவர்கள் வியர்வையிலிருந்து தொடங்கவில்லை. ஒன்றைப் பொருட்டாக எண்ணுகிறோமா இல்லையா என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

வானியல் வரலாற்றில் இந்தச் சொல் ஒரு மனிதரின் மேல் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பதற்கு ஓர் இடம் உண்டு. டைக்கோ பிராஹே தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலத்தவர், 1601இல் இறந்தார். வெறும் கண்ணாலும் பெரிய அளவுகோல் கருவிகளாலும் கோள்களின் இடத்தைப் பல ஆண்டுகள் இரவிரவாகக் குறித்து வைத்தார். தன் கருவிகள் எந்த அளவுக்குப் பிழை காட்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார், காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் வரும் பிழைக்கும் திருத்தம் போட்டார். அவருக்குப் பின் ஜோகன்னஸ் கெப்ளர் செவ்வாய்க் கோளின் பாதையைக் கணக்கிட்டபோது, கணக்குக்கும் டைக்கோவின் குறிப்புக்கும் நடுவே கோண அளவில் 8 ஆர்க் நிமிட வேறுபாடு வந்தது (ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒன்று ஓர் ஆர்க் நிமிடம்). முழு நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு, அவ்வளவுதான். வேறொருவரின் குறிப்பாக இருந்திருந்தால் ‘பார்த்தவர் தப்பாகப் பார்த்திருப்பார்’ என்று தள்ளிவிட்டிருக்கலாம். கெப்ளர் தள்ளவில்லை. 1609இல் வெளியான நூலில், டைக்கோவை டிலிஜென்ட் என்ற சொல்லின் உச்ச வடிவத்தால், ‘மிக மிகச் சிரத்தையான நோக்கர்’ என்ற பொருளில் குறிப்பிட்டு, அவருடைய அளவை நம்பித் தன் கணக்கையே கலைத்துப் போட்டார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற முடிவுக்கு அந்த வழியில்தான் வந்து சேர்ந்தார். டைக்கோவின் அயராத உழைப்பைப் பற்றியும் கெப்ளர் பேசியிருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது ‘இவர் குறித்ததை நம்பலாம்’ என்று சொல்லும் ஒரு சொல்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் டிலிஜென்ஸ், டிலிஜென்ட் என்றே சொல்லிக்கொண்டு போகிறது. அதே இடங்களைத் தமிழ் பைபிளில் பார்த்தால், நீதிமொழிகள் 10:4இல் ‘சுறுசுறுப்பு’, 4:23இல் ‘காவல்’, பேதுருவின் இரண்டாம் கடிதம் 1:5இல் ‘ஜாக்கிரதை’ என்று மூன்று வேறு சொற்கள் நிற்கின்றன. காரணம், எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அவை வேறு வேறு சொற்களாகவே இருந்தன. ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டது. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே தேடி மல்லுக்கட்ட வேண்டிய தேவை இல்லை.

நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். ஒருவரின் குணத்தைச் சொல்லும்போது ‘சிரத்தையுள்ளவர்’, ‘பொறுப்பாகச் செய்பவர்’. வேலை செய்யும் விதத்தைச் சொல்லும்போது ‘கண்ணும் கருத்துமாக’, ‘கருத்தூன்றி’, ‘முனைந்து’. படிப்பைப் பற்றி என்றால் ‘ஊன்றிப் படிக்கிறான்’ என்பதை மிஞ்ச எதுவும் இல்லை. தேடுதல், விசாரணை, ஆய்வு போன்றவற்றோடு வந்தால் ‘முறையாக’, ‘தீர’: ‘தீர விசாரித்தார்கள்’ என்று சொன்னாலே டிலிஜென்ட் என்ற பெயரடை முழுவதும் வந்துவிடுகிறது, தனியாக ஒரு சொல்லைத் திணிக்க வேண்டியதே இல்லை. சட்ட ஆவணங்களில் ‘உரிய கவனம்’. நீண்ட காலம் தொடர்ந்த உழைப்பு என்பதுதான் அழுத்தம் என்றால் மட்டும், அப்போது விடாமுயற்சி சரி.

பழைய தமிழில் போனால் ஊக்கம், ஆள்வினை, தாளாண்மை என்று இருக்கின்றன. இவை கொஞ்சம் முயற்சியின் பக்கம் சாய்கின்றன. கவனத்தின் பக்கம் வருவதற்கு இன்னும் நெருக்கமாக எனக்குத் தோன்றுவது திருக்குறளின் 61ஆம் அதிகாரமான மடியின்மைதான். மடி என்றால் சோம்பல். ஆனால் அந்த அதிகாரத்தில் ஒருவரைக் கெடுப்பவை எவை என்று ஐந்தாவது குறள் அடுக்கும்போது சோம்பலை மட்டும் சொல்லவில்லை. நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைச் சொல்கிறது. நெடுநீர் என்றால் காலம் தாழ்த்துவது, மறவி என்றால் மறதி. ஒத்திப்போடுவதையும் மறப்பதையும் சோம்பலோடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருப்பது எவ்வளவு கூர்மையான பார்வை! டிலிஜென்ஸ் உடைகிற இடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய சொற்கள் நிறைய. ‘ஹார்ட்வொர்க்கிங்’ என்றால் உழைப்பின் அளவு. ‘இண்டஸ்ட்ரியஸ்’ என்றாலும் ஓயாத உழைப்புதான். ‘பெர்சிவியரன்ஸ்’ என்றால் தடைகளைத் தாண்டி விடாமல் போவது, நம் விடாமுயற்சிக்கு நேரான சொல் இதுதான். ‘அசிடியுவஸ்’ என்ற சொல் அருகிலேயே உட்கார்ந்திருப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, இடத்தை விட்டு எழாமல் ஒன்றைச் செய்பவரைக் கண்முன் நிறுத்துகிறது.

‘மெட்டிகுலஸ்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பலர் இதையும் டிலிஜென்ட்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். மெட்டிகுலஸின் வேர் ‘மெட்டுஸ்’, லத்தீனில் பயம். ஆங்கிலத்திலும் அது முதலில் பயந்தவரைத்தான் குறித்தது, பிறகுதான் நுணுக்கமாகப் பார்ப்பவர் என்று மாறியது. இன்றும் அந்தச் சொல்லில் சின்னச் சின்ன நுணுக்கங்களைத் துருவுகிற ஒரு பதைபதைப்பின் நிழல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரு பிழை கூட வந்துவிடக் கூடாதே என்று பார்ப்பது மெட்டிகுலஸ், இந்த வேலை நன்றாக வர வேண்டும் என்று பார்ப்பது டிலிஜென்ட். பலரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஆனால் எழுதும்போது எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று ஒரு கணம் யோசித்துப் போடுங்கள்.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

இலக்கண விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டிலிஜென்ஸ் எண்ண முடியாத பெயர்ச்சொல், ஆகவே பொதுப் பொருளில் முன்னால் ‘எ’ போட முடியாது, பின்னால் ‘எஸ்’ சேர்த்துப் பன்மையாக்கவும் முடியாது. உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில்: டி-லிஜென்ஸ். எழுதும்போது ஒரே ஒரு எல்தான், இரண்டு எல் போடுவது மிகப் பரவலான பிழை. நடுவில் வருவது ஜி, ஜே இல்லை. பெயரடை டிலிஜென்ட், வினையடை டிலிஜென்ட்லி. ‘ஹி இஸ் டிலிஜென்ஸ்’ என்று எழுதக் கூடாது, ‘ஹி இஸ் டிலிஜென்ட்’. ஒருவர் எதில் சிரத்தையாக இருக்கிறார் என்று சொல்ல ‘டிலிஜென்ட் இன்’ அல்லது ‘டிலிஜென்ட் அபவுட்’. எப்படிச் செய்தார் என்று சொல்ல ‘வித் டிலிஜென்ஸ்’. இதோடு வரும் வினைகள் பெரும்பாலும் ‘ஷோ’, ‘எக்ஸர்சைஸ்’.

அடுத்து, தொனி. இது கொஞ்சம் உடுப்புப் போட்டுக்கொண்டு வரும் சொல். அலுவல் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, சட்டம், கட்டுரை இவற்றில் இயல்பாக இருக்கும். வீட்டில் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் ‘பி டிலிஜென்ட்’ என்று சொன்னால் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டுவது போல இருக்கும், அங்கே ‘கேர்ஃபுல்’ அல்லது ‘வொர்க் ஹார்ட்’ போதும்.

யாரைப் பற்றிச் சொல்லலாம்? ஆட்களை, ஆட்கள் செய்யும் வேலையை, தேடலை, விசாரணையை. இயந்திரத்தை டிலிஜென்ட் என்பது பொருந்தாது, அதற்கு எதுவும் பொருட்டில்லை. ஒரே இரவு கண்விழித்து வேலையை முடித்தவரையும் அந்த ஓர் இரவை வைத்து டிலிஜென்ட் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லுக்குள்ளேயே ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாணவரைப் பற்றி டிலிஜென்ட் என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், படிப்பவர் ‘சரி, உழைப்பாளி, ஆனால் திறமை சுமார்தான் போல’ என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. உங்கள் எண்ணம் அதுவாக இருக்காது, ஆனால் தனியாக நிற்கும்போது அந்தச் சொல் அப்படி ஒலிக்கும். அவர் என்ன செய்தார் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: தரவில் இரண்டு பதிவுகள் முரண்படுவதைக் கண்டுபிடித்து, மூலப் படிவங்களைத் தேடி எடுத்துச் சரிசெய்தார் என்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றி நீங்களே எழுதுவதற்கும் இதேதான். ‘நான் டிலிஜென்ட்’ என்ற வரியை எடுத்துவிட்டு, அதை நிரூபிக்கிற ஒரு செயலை அந்த இடத்தில் வையுங்கள்.

‘டியூ டிலிஜென்ஸ்’: இதற்குத் தனி இடம் வேண்டும்

இன்று இந்தச் சொல்லை அதிகம் கேட்பது இந்த இணைப்பில்தான். ‘டியூ’ என்றால் உரிய, தகுந்த. எவ்வளவு கவனம் தகுந்தது என்ற கேள்விக்குப் பல துறைகள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சண்டைகளைப் பார்த்தால்தான் சொல்லின் பொருள் உறைக்கும்.

1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, பிரிட்டனில் கட்டப்பட்ட ‘அலபாமா’ என்ற கப்பல் தென்மாநிலக் கூட்டமைப்புக்காகக் கடலில் இறங்கி, வடக்கு மாநிலங்களின் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. நடுநிலை நாடான பிரிட்டன் அதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று அமெரிக்கா கேட்டது. 1871இல் போட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில், நடுநிலை நாடு ‘டியூ டிலிஜென்ஸ்’ காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்பதில்தான் வாதமே நடந்தது. 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் சொன்னதன் சாரம்: நீ கவனிக்காமல் விட்டால் அடுத்தவருக்கு எவ்வளவு ஆபத்து நேருமோ, அந்த அளவுக்கு உன் கவனம் இருக்க வேண்டும். பிரிட்டன் 1.55 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. என்னைக் கேட்டால் ‘டியூ’ என்ற அடைமொழிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம். கவனத்தின் அளவை ஆபத்தின் அளவு தீர்மானிக்கிறது.

கப்பல் சரக்குப் போக்குவரத்தில் 1924இன் ஹேக் விதிகள் இதே தொடரைக் கையாள்கின்றன. பயணம் தொடங்குவதற்கு முன்பும் தொடங்கும் வேளையிலும், கப்பல் கடலுக்குத் தகுதியான நிலையில் இருக்கும்படி செய்ய, சரக்கை ஏற்றிச் செல்பவர் டியூ டிலிஜென்ஸ் காட்ட வேண்டும். கப்பல் பழுதே ஆகாது என்று உறுதி கொடுக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்ய வேண்டியதைச் செய்தாயா என்று மட்டும்தான் கேட்கிறது. டிலிஜென்ஸ் என்பது செயலைப் பற்றிய சொல், விளைவைப் பற்றியது அல்ல. எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம், தோற்றவர் டிலிஜென்ட் இல்லை என்று ஆகிவிடாது.

அதே விதியின் கீழ் வந்த ‘மன்காஸ்டர் காசில்’ என்ற கப்பலின் வழக்கு என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அந்தக் கப்பலைச் சோதனைக்காகப் பழுதுபார்க்கும் இடத்தில் விட்டிருந்தார்கள். வால்வுகளின் மூடிகளைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிய தொழிலாளி நட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை. கடலில் அலைக்கழிந்ததில் நட்டுகள் தளர்ந்து, உள்ளே கடல்நீர் புகுந்து, டின்களில் அடைத்த இறைச்சிச் சரக்கு பாழானது. நல்ல பெயருள்ள பழுதுபார்ப்பவரிடம்தானே கொடுத்தோம், எங்கள் பங்கைச் செய்துவிட்டோமே என்றது கப்பல் தரப்பு. அப்போது பிரிட்டனின் இறுதி முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1961இல் அதை ஏற்கவில்லை. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், டிலிஜென்ஸ் காட்டும் கடமையை ஒப்படைக்க முடியாது, அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவுக்கும் நீதான் பொறுப்பு என்றது. அலுவலகத்தில் ‘நான் அவரிடம் சொல்லிவிட்டேனே’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த வழக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

பங்குச் சந்தைப் பக்கம் வந்தால், அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டம். பங்கு வெளியீட்டு ஆவணத்தில் பொய் இருந்தால், நிறுவன இயக்குநர்களும் வெளியீட்டை ஏற்று நடத்தியவர்களும் பொறுப்பாவார்கள். ஆனால் நியாயமான விசாரணை செய்து, அது உண்மை என்று நம்ப நியாயமான காரணம் தங்களுக்கு இருந்ததாகக் காட்டினால் தப்பிக்கலாம். இந்தத் தற்காப்புக்கு வழக்கத்தில் டியூ டிலிஜென்ஸ் என்று பெயர் வந்தது. பிறகு, ஒன்றை வாங்குவதற்கு முன் அலசிப் பார்க்கும் வேலைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நிறுவனம் வாங்குகிறவர்கள் அதன் கடன், வழக்கு, வரி, ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பது இதுதான். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் ‘டூ டியூ டிலிஜென்ஸ் ஆன்’ என்று ‘ஆன்’ சேர்த்து எழுதுவார்கள், கவனத்தைக் குறிக்கும்போது ‘எக்ஸர்சைஸ் டியூ டிலிஜென்ஸ்’ என்பார்கள். இந்த வேறுபாட்டை வைத்தே தமிழில் எதைப் போடுவது என்று முடிவு செய்துவிடலாம்: முதலாவது ‘முன்னாய்வு’ அல்லது ‘முன்சரிபார்ப்பு’, இரண்டாவது ‘உரிய கவனம்’. ‘உரிய விடாமுயற்சி’யை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இடையில் இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு விரைவு என்ற பொருளும் வளர்ந்து, அதனால் விரைவாகப் போகும் குதிரை வண்டிக்கே டிலிஜென்ஸ் என்று பெயர் வந்தது. பழைய ஆங்கிலக் கதையில் யாராவது ‘டிலிஜென்ஸில் ஏறினார்’ என்றால் பயணிகள் வண்டியில் ஏறினார் என்று பொருள். ஸ்காட்லாந்துச் சட்டத்திலோ டிலிஜென்ஸ் என்றால் கடன் வாங்கியவரின் சொத்தைக் கைப்பற்றிக் கடனை வசூலிக்கும் நடவடிக்கை. இங்கெல்லாம் சிரத்தை என்று மொழிபெயர்த்தால் வாக்கியம் கவிழ்ந்துவிடும்.

சொல்லைச் செயலாக்குவது

பொருள் தெரிந்துவிட்டது, பயன்படுத்தவும் தெரிந்துவிட்டது. அப்புறம், நம் வேலையைப் பற்றி யாராவது இந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது?

வேருக்கே போங்கள்: பொறுக்கி எடுப்பது. எல்லாவற்றிலும் கண்ணும் கருத்துமாக இருக்க யாராலும் முடியாது, முயன்றால் எல்லாமே ஏனோதானோவாகத்தான் முடியும். இன்றைய பத்து வேலைகளில் எதில் பிழை வந்தால் யாருக்காவது வலிக்கும்? அதை எடுத்துத் தனியே வையுங்கள். மற்றவை போதுமான அளவு நன்றாக இருந்தால் போதும். ஜெனீவா சொன்ன அளவுகோல் இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

அடுத்தது, மறவி. திறமைசாலிகளுக்குத்தான் இது பெரிய எதிரி, ஏனென்றால் அவர்கள் தங்கள் நினைவை நம்புவார்கள். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனைக்காகப் பறக்கத் தொடங்கியதும் செங்குத்தாக ஏறி, விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதியைப் பூட்டி வைப்பார்கள், அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம். இருவர் இறந்தார்கள். அதற்குப் பின் விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் எழுதி வைத்தார்கள், அது விமானத் துறை முழுவதும் நிலைத்துவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2008இல் அறுவை சிகிச்சைக்கு இதே போல 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை என்று வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்வது போன்ற, யாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான் அதில் இருக்கின்றன. தெரியாதவர்களுக்காக எழுதியது இல்லை, தெரிந்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்பதற்காக எழுதியது. உங்கள் வேலையிலும் எப்போதும் தவறும் இடங்கள் நான்கைந்து இருக்கும். அவற்றை மட்டும் தாளில் எழுதிக் கண்ணில் படும்படி வையுங்கள். இருபது முப்பது என்று நீட்டினால் நீங்களே படிக்க மாட்டீர்கள்.

நெடுநீருக்கு, அதாவது ஒத்திப்போடுவதற்கு, எனக்குத் தெரிந்த ஒரே வழி சரிபார்ப்பை வேலையின் உள்ளேயே வைப்பதுதான். ‘முடித்துவிட்டுப் பார்க்கலாம்’ என்று வைத்தால் முடித்த களைப்பில் பார்க்க மாட்டோம். எதைச் சரிபார்த்தால்தான் முடிந்தது என்று கணக்கு என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நேரம் இருந்தால் எழுதிய நாளிலேயே சரிபார்க்காமல் மறுநாள் காலையில் பாருங்கள். நேற்று மனதில் இருந்தது மறைந்து, தாளில் உண்மையில் என்ன இருக்கிறதோ அது தெரியும். இன்னொருவரிடம் கொடுத்த வேலை என்றால், முடிந்துவிட்டதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் ஒரு மூடியையாவது நீங்களே தொட்டுப் பாருங்கள், நட்டு முறுக்கியிருக்கிறதா என்று.

எங்கே நிறுத்துவது என்பதும் இதில் அடக்கம். நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை மூன்று முறை திருத்த வேண்டாம், ஒரு முறை படித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிறீர்கள் என்றால் முன்னாலிருந்து ஒரு முறை, கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு முறை, மூலத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.